முகமூடிக்காரனும் அண்ணியின் ஐசியும்

மண்டோர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு நான்கு கால்களும் இரண்டு மரக்கதவுகளும் இருந்தன. கதவுகளை இரு பக்கமும் தள்ளினால்தான் கண்ணாடி தெரியும். அந்த வலது பக்கக் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு, திரையைப் பார்த்தபடி எங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த என் அண்ணி: சினிமா என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். திரையில் ஓடிய படங்களின் பெயர் ஒன்றுகூட இன்று நினைவில்லை. பெயர் தெரிந்து பார்த்ததும் இல்லை.

எண்பதுகளின் நடுவில், புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானம் இரண்டு மணிக்கே ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார்கள். வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோர் காலையிலேயே மோட்டார் சைக்கிளில் சுங்கைப் பட்டாணிக்குப் போய் வீடியோ டேப் எடுத்து வருவார். ஆனால் டவுன்காரர்கள் சனிக்கிழமையே தமிழ்ப் படங்களை வாரிக்கொண்டு போயிருப்பார்கள். மிச்சம் இருப்பவை யாரும் தொடாத இங்கிலீஷ் படங்கள்தான். பறக்கிற மனிதன், முகமூடி போட்ட மனிதன், கையில் மின்னல் வருகிற மனிதன். வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு மண்டோர் அதில் ஒன்றை எடுத்து வந்துவிடுவார். அடியில் சீன எழுத்து ஓடும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இங்கிலீஷும் யாருக்கும் தெரியாது, சீன எழுத்தும் தெரியாது.

குப்பைப் படங்கள் என்றால் அப்படி ஒரு குப்பை. வீரன் பறக்கும்போது முதுகில் கம்பி தெரியும். முழங்கால் பக்கம் அவன் காலுறை சுருங்கிச் சுருங்கி நிற்கும். வில்லன் தூக்கி எறிகிற பாறை தரையில் விழுந்து பந்து மாதிரி துள்ளும். ஒரே கட்டடம் ஒரே படத்தில் மூன்று தடவை வெடிக்கும், மூன்று தடவையும் அதே மஞ்சள் கார் கீழே நிற்கும். கடலிலிருந்து வந்த பூதத்தின் முதுகில் ஜிப் இருப்பதைக் கண்டுபிடித்தது எங்கள் பக்கத்து வீட்டுப் பையன். அதற்காக யாரும் படத்தை விட்டு எழுந்து போகவில்லை. நான் இன்றுவரை அந்த மாதிரிப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவள். என் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

அண்ணி கதை சொல்ல ஆரம்பித்தது தற்செயலாகத்தான். முதல் ஞாயிறு பாதிப் படத்தில் எல்லோருக்கும் கொட்டாவி வந்துவிட்டது. ஒரு பிள்ளை, "அவன் என்னாக்கா சொல்றான்?" என்று அண்ணியைக் கேட்டது. அண்ணி சற்றும் யோசிக்காமல், "ஒங்கம்மா சோறு ஆறிப்போவுதுன்னு கூப்புடுறாங்க, வீட்டுக்குப் போடான்னு சொல்றான்" என்றாள். அது வில்லன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்த இடம். கூடமே சிரித்தது. அடுத்த வாரம் மண்டோரம்மாவே எழுந்து, "இந்தா, நீ முன்னாடி வந்து நின்னு சொல்லும்மா. ஊமைப் படம் பாக்குற மாதிரி இருக்குல்லா" என்று இழுத்து நிறுத்திவிட்டார்.

அண்ணி சுங்கை லாலாங்கில் ஆறாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளியில் படித்தவள். இங்கிலீஷில் அவளுக்கு எஸ், நோ தெரியும், அவ்வளவுதான். ஆனால் திரையில் வாய் அசைவதும் அவள் பேசுவதும் ஒன்றாக முடியும். வில்லனுக்கு ஒரு குரல், கிழவனுக்கு ஒரு குரல். பறக்கிறவனுக்கு மட்டும் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதுகிற பெரிய கிராணியின் குரலைக் கொடுத்திருந்தாள். அது எங்களுக்குத் தெரியும், கிராணிக்குத் தெரியாது. "அவரு நம்ம எஸ்டேட்டுக்கு வருவாராக்கா?" என்று பிள்ளைகள் கேட்டால், "வரலாம்டா, ஆனா உள்ள வர்றதுக்கு ஆபீஸ்ல பர்மிட்டு வாங்கணும்லா, ஞாயித்துக்கெழமை ஆபீஸ் பூட்டியிருக்குமே" என்பாள். வீட்டில் வாரம் முழுதும் நாலு வார்த்தை பேசாத பெண் அவள்.

வீட்டில் ஏன் பேசமாட்டாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி மூன்றாம் மாதம், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் தன் அம்மாவைப் பார்க்க சுங்கை லாலாங்குக்குப் போய்விட்டாள். போனது ஒரு பகல் பொழுதுதான். சாயங்காலமே அண்ணன் மோட்டார் சைக்கிளில் போய் அழைத்து வந்துவிட்டான். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவள் கைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தான். எங்கள் பக்கம் அதை ஐசி என்றுதான் சொல்வோம். அம்மாவின் தகரப் பெட்டியில், நகைத்துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினான். "பத்திரமா இருக்கட்டும்" என்றான். ஐசி இல்லாமல் எங்கள் நாட்டில் எங்கும் போக முடியாது. பாதையில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி ஏறினால் முதலில் கேட்பது அதைத்தான். ஆகவே வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்தே கிடந்தது, அண்ணி எங்கும் போகவில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெட்டி திறந்தது, அட்டை அண்ணன் கையிலேயே இருந்தது. குழந்தையோடு திரும்பி வந்த அன்றே மறுபடி பூட்டிக்கொண்டது.

அண்ணனைக் கொடுமைக்காரன் என்று சொன்னால் எங்கள் லயத்தில் யாரும் நம்பமாட்டார்கள். குடிக்கமாட்டான். அண்ணிக்கு ஜுரமென்றால் தானே கஞ்சி வைப்பான். அவனுக்குப் பயம் ஒன்றுதான், அவள் போய்விடுவாள் என்ற பயம். பால்மரம் வெட்டக்கூட அவளை அனுப்பவில்லை. அண்ணனும் அம்மாவும் விடியுமுன்பே மரத்துக்குப் போய்விடுவார்கள். வீடு, அடுப்பு, துணி, குழந்தை எல்லாம் அண்ணி தலையில். என் பள்ளிச் சீருடையும் அவள் தலையில்தான். நான் சுங்கைப் பட்டாணியில் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் லயத்திலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போன இரண்டே பெண்களில் நான் ஒருத்தி. காலையில் அவள் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலத்தோடு பஸ் ஏறுவேன். பன்னிரண்டு வயதில் கிடைத்த என் ஐசி சட்டைப் பையில் இருக்கும். என்னுடையதை யாரும் பூட்டி வைக்கவில்லை.

அண்ணி சொன்ன கதைகளில் எல்லா வில்லன்களுக்கும் ஒரே தொழில்தான். ஜனங்களின் ஐசியைப் பிடுங்கி இரும்பு அறையில் பூட்டி வைப்பது. படத்தில் விஞ்ஞானி ஏதோ பச்சைத் திரவத்தைக் காட்டி மணிக்கணக்கில் பேசுவான். அண்ணி, "இதைத் தண்ணியில கலந்துட்டா எல்லாருக்கும் அவங்க பேரே மறந்துபோவும், அப்புறம் ஐசி இல்லேன்னா நீ யாருன்னு ஒனக்கே தெரியாது" என்பாள். பறக்கிறவன் கதவை உடைக்கும்போது பிள்ளைகள், "ஐசிய எடு! ஐசிய எடு!" என்று கத்துவார்கள். இரும்பு அறைக்குள் அவன் எடுப்பது வைரமோ வெடிகுண்டோ, யாருக்குத் தெரியும். எங்கள் லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் ரொம்ப நாள்வரை இங்கிலீஷ்காரப் படமென்றால் ஐசி திருடுகிற கதை என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். என்னோடு படித்த ஒருவன், இன்று சுங்கைப் பட்டாணியில் கடை வைத்திருக்கிறவன், போன வருஷம்கூடச் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னான்.

அந்த வருஷம் சுங்கைப் பட்டாணியில் ஒரு மின்சாதனப் பேக்டரிக்குப் பெண்களை எடுத்தார்கள். பேக்டரி பஸ்ஸே எஸ்டேட் ஜங்ஷன்வரை வரும் என்றார்கள். மண்டோர் வீட்டு மகள் முதலில் சேர்ந்தாள். நீல மேலங்கியும் கழுத்தில் அட்டையுமாக அவள் திரும்பி வந்ததைப் பார்க்க லயமே வாசலுக்கு வந்தது. இன்னும் ஆட்கள் வேண்டும், திங்கட்கிழமை காலையில் ஐசியோடு வந்தால் அன்றே சேர்த்துக்கொள்வார்கள், குழந்தையை ஆயாக்கொட்டகையில் விடலாம் என்று மண்டோரம்மா அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அண்ணி சோறு போடும்போது மெதுவாகக் கேட்டாள். அண்ணன் தட்டைப் பார்த்தபடியே, "நம்ம வீட்டுப் பொம்பளைங்க பேக்டரிக்குப் போய்ப் பழக்கமில்ல" என்றான். அம்மா, "அப்ப இங்க யாரு பாக்குறது?" என்று கேட்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எனக்குப் புரிந்தது. அண்ணி போனால் அடுப்பு என்னிடம் வரும். நாலு மணிக்கு எழுந்து சமைத்து, துணி துவைத்து, குழந்தையை விட்டு அழைத்து, அதன்பிறகு எங்கே பள்ளி. தமிழ்ப் பள்ளியில் என்னோடு படித்த இரண்டு பேர் அப்படித்தான் நின்றுபோனார்கள்.

அதற்கு அடுத்த நாள்தான் ஞாயிறு. டேப்பில் அன்றைக்குச் சிவப்பு முகமூடி போட்ட ஒருவன். முகமூடிக்குக் கீழே மீசை வெளியே தெரிந்தது. அவன் காதலியை வில்லன் ஓர் இரும்பு அறையில் அடைத்துவிட்டான். கதவில் சின்னதாக ஒரு கம்பி ஜன்னல். அவள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசுகிறாள். அண்ணி குழந்தையை மண்டோரம்மா மடியில் விட்டுவிட்டு வந்து நின்றாள். அதுவரை போட்ட குரல்கள் எதுவும் இல்லை. அவளுடைய சொந்தக் குரல்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஜங்ஷனுக்கு பஸ் வருது. நான் எங்கயும் ஓடிப்போவ மாட்டேன். சாயங்காலம் அதே பஸ்ஸுல திரும்பி வந்துடுவேன். சோத்தை விடியிறதுக்குள்ள ஆக்கி வச்சிட்டுத்தான் போவேன். என் ஐசிய மட்டும் குடுத்துடுங்க. அதுல இருக்குறது என் மொகம்தானே. என் மொகத்தை நான் பாத்து ரெண்டு வருசமாச்சு."

 பிள்ளைகள்கூடக் கத்தவில்லை. திரையில் அந்தப் பெண்ணின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது, அண்ணி முடித்துவிட்டாள். மண்டோரம்மா மெதுவாகத் திரும்பி, சுவரோரம் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்து, "ஏன் தம்பி, குடுத்தாத்தான் என்ன? என் மவ போவலியா? நான் பாத்துக்கிறேன்லா" என்றார். இன்னும் இரண்டு பெண்கள், "ஆமா தம்பி" என்றார்கள். அண்ணன் கழுத்தைச் சொறிந்தான். அவன் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். கோபமே இல்லை. ஊர் நடுவில் மாட்டிக்கொண்டு, சரி என்று சொல்லிவிட்டால் தேவலை என்று நினைக்கிற முகம் அது. வாய் திறக்கவும் செய்தான்.

அப்போது நான்தான் பேசினேன். "அவ அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லல. 'நீ யாரு, மொகமூடியக் கழட்டு'ன்னு கேக்குறா. எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் படிச்சிக் குடுக்குறாங்க, எனக்குத் தெரியும். அண்ணி எல்லாத்தையும் சும்மா உருட்டுறாங்க."

 பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். மூச்சு விட இடம் கிடைத்தது போல இருந்தது அந்தச் சிரிப்பு. அண்ணன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். "படிச்ச புள்ள சொல்லிட்டா, அப்புறம் என்ன!" என்றான். அம்மா என் தலையைத் தடவினாள். அண்ணியும் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு மண்டோரம்மா மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலையில் பள்ளி பஸ்ஸுக்காக அதே ஜங்ஷனில் நின்றேன். பேக்டரி பஸ் முதலில் வந்தது. மண்டோர் மகளும் வேறு லயத்துப் பெண்கள் மூன்று பேரும் ஏறினார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது ஓடி வருகிறார்களா என்று எங்கள் லயத்துப் பக்கம் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் கையில் இருந்த சோற்றுப் பொட்டலம் சூடாகவே இருந்தது. எப்போதும்போல முட்டை வைத்துக் கட்டியிருந்தாள்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சியும் அண்ணி எழுந்திருக்கவில்லை. "அவங்களக் கேளுங்கடா, அவங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்" என்றாள். அவள் என்னை 'அவங்க' என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள். நான் புரிந்ததை மட்டும் சரியாகச் சொன்னேன். "'வா'ங்குறான். போறான். 'நிறுத்து'ங்குறான்." அரை மணி நேரத்தில் பாதிக் கூடம் எழுந்து போய்விட்டது. அதற்கடுத்த மாதம் மண்டோர் டேப் எடுத்து வருவதையே விட்டுவிட்டார். அண்ணிக்கு இருந்த அந்த ஒரு ஞாயிறு மத்தியானமும் போயிற்று.

ரொம்ப வருஷம் இதை நான் வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னப் பெண்ணின் படித்த திமிர், தெரியாமல் செய்த பிழை என்று. கேட்பவர்களும் பாவம் என்பார்கள். உண்மை அதுவல்ல. அண்ணி யாருக்காகப் பேசுகிறாள் என்று அந்தக் கூடத்தில் இருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். என் பள்ளிக்கூடம் போய்விடும் என்று பயந்துதான் வாயைத் திறந்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் எல்லாப் பாடமும் மலாயில்தான், இங்கிலீஷ் ஒரு பாடம், அதிலும் நான் சுமார். திரையில் அந்தப் பெண் பேசியதில் எனக்குப் புரிந்தது இரண்டு வார்த்தைகள். முகமூடியைக் கழட்டு என்று அவள் சொன்னாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. நானும் உருட்டத்தான் செய்தேன். என் உருட்டலை மட்டும் எல்லோரும் நம்பினார்கள், நான் சீருடை போட்டுப் பள்ளிக்குப் போகிறவள் என்பதால்.

நான் படித்து முடித்து, ஆசிரியையாகி, டவுனில் வீடு கட்டிக்கொண்டேன். இடையில் அரசாங்கம் பழைய ஐசியை மாற்றச் சொன்னபோது அண்ணன் அண்ணியை அழைத்துப் போய்ப் புதுப் படம் எடுத்து, புது அட்டையை வாங்கி வந்து, மறுபடி தகரப் பெட்டியில் வைத்தான். அம்மா போனபின் சாவி அவனிடம் வந்தது. எஸ்டேட்டை விற்று எல்லோரும் டவுனுக்கு வந்தபோது பெட்டியும் கூடவே வந்தது. நான் கேட்டிருக்கலாம். ஆசிரியை என்று எனக்கு வீட்டில் மரியாதை இருந்தது, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அண்ணன் கொடுத்திருப்பான். ஒவ்வொரு தீபாவளிக்கும் போய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

போன வருஷம் அண்ணன் இறந்தான். கருமாதி முடிந்து இரண்டு மாதம் கழித்து, அண்ணியை சுங்கைப் பட்டாணியில் இருக்கிற பெரிய தியேட்டருக்கு அழைத்துப் போனேன். அறுபது வயதுக்குமேல் ஆகிறது, அதுதான் அவள் தியேட்டருக்குள் வந்த முதல் தடவை. ஓடிக்கொண்டிருந்தது பறக்கிற மனிதர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வருகிற பெரிய படம். இந்தப் புதுப் படங்கள்மேல் எனக்குப் பெரிய பிரியமில்லை. கம்பி தெரிவதில்லை, பாறை துள்ளுவதில்லை. நகரம் முழுதும் இடிந்து விழுகிறது, யாருக்கும் எதுவும் ஆவதில்லை. யாரும் பக்கத்தில் நின்று கதை சொல்ல அதில் இடமே கிடையாது, அவ்வளவு சத்தம். என்றாலும் வானத்திலிருந்து ஒருவன் இறங்கி வந்து கதவை உடைக்கிற இடம் வந்தால் வாய்க்குள்ளேயே 'ஐசிய எடு' என்று சொல்லிக்கொள்வேன். எங்கள் பக்கம் யாருக்காகவும் எவனும் இறங்கி வந்ததில்லை. வேண்டியிருந்தது என்னவோ ஒருத்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான்.

இடைவேளை இல்லாத படம். நடுவில் சத்தம் கொஞ்சம் ஓய்ந்த ஓர் இடத்தில், அவள் காதருகே குனிந்து சொல்லிவிட்டேன். "அண்ணி, அன்னிக்கு மண்டோர் வீட்ல... எனக்கு ஒண்ணும் புரியல அண்ணி. அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. பொய்தான் சொன்னேன்." நாற்பது வருஷமாக உள்ளே வைத்திருந்தது இரண்டு வரியில் முடிந்துவிட்டது. அவள் திட்டுவாள், அல்லது அழுவாள், அல்லது எது மண்டோர் வீடு என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரை வெளிச்சம் அவள் முகத்தில் மாறி மாறி விழுந்தது.

"அப்பவே தெரியும் பாப்பா" என்றாள். "நான் பஸ் ஏறிட்டா நீ எப்புடி ஸ்கூலுக்குப் போவ?"